மீசை முளைத்த வைரஸ்

ஆராய்ச்சி செய்கிறவனைத் தோல்வி ஒன்றும் செய்துவிடாது. ஜெயித்துவிட்டோம் என்று அவனாக நினைத்துக்கொள்கிறானே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். தொண்ணூறுகளில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் அப்படித்தான் கவிழ்ந்தேன்.

வேலை இதுதான்: கோழி அம்மை வைரஸுக்குள் வேறொரு கோழி நோயின் மரபணுவைச் சொருகி, ஒரே ஊசியில் இரண்டுக்கும் தடுப்பு உண்டாக்க வேண்டும். கூடவே நிறம் தரும் மரபணு ஒன்றையும் வைத்திருந்தோம். எல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தால், தட்டில் வளரும் செல்களில் நீலப் புள்ளி தெரியும். வருஷக்கணக்காக எனக்கு நீலம் வரவேயில்லை.

தட்டுகளைச் சுத்தமான காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் திறக்க வேண்டும். நான் தட்டுகளைத் திறந்த ஒரு நாள், சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச். பெட்டி போட்ட இரைச்சலில் ரேடியோ வர்ணனை காதில் விழவில்லை. காற்றை நிறுத்திவிட்டேன். (விஞ்ஞானியாம், விஞ்ஞானி!)

சில நாளில் தட்டு நிறைய நீலப் புள்ளிகள்! பக்கத்து மேஜை பஷீர், திருவல்லிக்கேணிக்காரன், எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சி, பச்சையா கீது?"

"நீலம்டா. உனக்குக் கண் கோளாறு."

"மைக்ராஸ்கோப்ல ஒரு தபா பாத்துடேன்."

பொறாமை என்று முடிவு கட்டினேன். மேதைகளுக்கெல்லாம் இப்படித்தான் பக்கத்து மேஜை வாய்க்கும் போல.

மயிலாப்பூரில் அம்மா மாட வீதி முழுக்கச் சொல்லிவிட்டாள்: "எங்காத்துப் பிள்ளை கோழிக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டான்!" (எங்கள் வீட்டில் கோழியைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறோம்.) ஆய்வுக்கூடத்தை நடத்திய பேராசிரியரும் தட்டைப் பார்க்கவில்லை, என் மூஞ்சியில் இருந்த பெருமிதத்தைப் பார்த்தே நம்பிவிட்டார். திட்டத்தைத் தொடரலாமா, மூடலாமா என்று தீர்மானிக்க டெல்லியிலிருந்து குழு வந்திறங்கியது. அழைத்துவரப் போன பேராசிரியர், விமான நிலையத்திலிருந்து வழியெல்லாம் என் நீலத்தைத்தான் புகழ்ந்துகொண்டு வந்தாராம்.

குழுத் தலைவி வயதான தமிழ் அம்மா. ராஜாவுக்குக் கிரீடம் நீட்டுவதுபோல் தட்டை நீட்டி, மூடியைத் திறந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"ஏம்ப்பா, வைரஸுக்கு மீசை முளைக்குமா?"

நானும் குனிந்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் பூனை ரோமம்போல் மெல்லிய முடி. பூஞ்சை! பழைய ரொட்டியில் பிடிக்குமே, அதே பூஞ்சை.

"திறக்கறப்போ பெட்டில காத்து ஓடிச்சா?"

"கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தேன் மேடம்."

"எதுக்கு?"

"மேட்ச்..."

பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதோடு தொலைந்திருந்தால் பரவாயில்லை. தட்டுகளை வைக்கும் வெதுவெதுப்பான அலமாரி எனக்கும் பஷீருக்கும் பொது. பூஞ்சை அவன் செல்களையும் தின்றிருந்தது. எல்லாவற்றையும் கொதிக்க வைத்துக் கொட்ட வேண்டியதாயிற்று.

"நீ ஸ்கோர் கேக்கறதுக்கு என் செல்லு அவுட்டாடா?" என்றான் பஷீர். அப்புறம் வெகுநாள் என்னோடு பேசவில்லை.

திட்டத்தை மூடவில்லை, பஷீரின் பழைய முடிவுகள் காப்பாற்றின. நிஜமான நீலப் புள்ளியும் கடைசியில் அவன் தட்டில்தான் வந்தது. என் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து இந்தக் கதையை அவன்தான் சம்பந்தி வீட்டாருக்குச் சொன்னான்.

இன்றும் எங்கள் வீட்டில் ரொட்டி கெட்டுப்போனால் "அப்பாவோட தடுப்பூசி ரெடி!" என்று மகள் கூவுவாள். நான் மரியாதையாக எடுத்துக் குப்பையில் போடுவேன். போடும் முன் ஒரு பார்வை பார்ப்பேன்.

எனக்கு அது இன்னமும் நீலமாகத்தான் தெரிகிறது.