கொஞ்சம் நகருங்க, மறைக்குது

கூச்சக்காரன் வாயே திறக்க மாட்டான் என்று நினைப்பது தப்பு. பேசக் கூடாத இடத்தில் சரியாகப் பேசிவிடுவான். நான் பேசியது ராஜகீழ்ப்பாக்கத்தில், பெண் பார்க்கப் போன வீட்டில்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு, தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. அதற்கு முன் போன இரண்டு வீடுகளிலும் தரையைத்தான் பார்த்தேன். (ஒன்றில் மொசைக், இன்னொன்றில் சிவப்பு சிமெண்ட்.) "பையனுக்குக் கண்ணு சரியில்லையா?" என்று கேட்டு அனுப்பினார்கள். அதனால் அக்கா பஸ்ஸிலேயே எச்சரித்தாள்: "டேய், இந்த இடமும் போச்சுன்னா இனிமே உனக்காக நான் அலைய மாட்டேன். தலையை நிமிர்த்தி உட்காரு."

நிமிர்த்தினேன். நேர் எதிரே டிவி.

எனக்குப் பேச்சுத் துணையாகப் பெண்ணின் தம்பி பாபுவை உட்கார வைத்திருந்தார்கள். பொத்தேரியில் காலேஜ் படிக்கிறவன். என்னைவிடக் கூச்சம். "அண்ணா, ஃபுட்பால் வீடியோ கேம் பாக்குறீங்களா? இந்த வருஷத்துது. காலையிலதான் வாங்கினேன்," என்றான்.

பழைய வருடத்து கேமை நான் பிரௌசிங் சென்டரில் பார்த்திருக்கிறேன். எல்லா ஆட்டக்காரனுக்கும் ஒரே முகம், அதுவும் செங்கல் மாதிரி. இதில் ஆளுக்கொரு முகம்! ஒருவன் நெற்றியில் வியர்வை. சறுக்கி விழுந்தவன் எழுந்தால் சட்டையில் சேறு. கோல் விட்ட கோல்கீப்பர் தன் ஆளையே கை நீட்டித் திட்டினான்.

"போன வருஷம் திட்ட மாட்டாண்ணா. இதுதான் புதுசு," என்றான் பாபு.

திட்டுவதைக்கூடவா செய்து வைத்திருக்கிறார்கள்! திறந்த வாயை நான் மூடவில்லை.

கடைசி நிமிடம். பாபுவின் ஆள் பந்தோடு ஓடுகிறான். அந்த நேரம் பார்த்து டிவிக்கு முன்னால் யாரோ வந்து நின்றார்கள். கையில் காபித் தட்டு.

"கொஞ்சம் நகருங்க, மறைக்குது," என்றேன்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். பாபு பயத்தில் பந்தை வெளியே அடித்துவிட்டான். (அதற்கும் நான் 'ச்சே' என்றேனாம். எனக்கு நினைவில்லை.)

பெண் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு... எப்படி தம்பி?" என்றார்.

"இன்னும் பாக்கலைங்க சார்."

பொய் சொல்லத் தைரியம் இல்லாததால் வந்த உண்மை. அக்கா எழுந்தேவிட்டாள். அப்போது உள்ளே ஒரு சிரிப்பு. அந்தப் பெண், சுமதி, வெளியே வந்து, "பாபு, அதை நிறுத்துடா. இவர் முதல்ல பாக்கட்டும்," என்றாள்.

ஆட்டம் அப்படியே உறைந்து நின்றது. பார்த்தேன். அந்த கேமுக்கு முகம் செய்தவர்கள் இன்னும் நிறைய வருடம் உழைக்க வேண்டும் என்று தோன்றியது.

வீட்டுக்குப் போய்ப் பெரியவர்கள் மூலம் சொல்லி அனுப்புவதுதான் முறை. நான் அக்காவைக்கூடக் கேட்காமல், "பிடிச்சிருக்குங்க," என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

"சரி. நான் சொல்லி அனுப்புறேன்," என்றாள் சுமதி.

அனுப்பினாள், பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாளும் கடையில் நான் ஆணி கேட்டவருக்குத் தாழ்ப்பாள் கொடுத்தேன்.

இன்றும் வருடா வருடம் புது கேம் வந்ததும் பாபு போன் செய்வான்: "மாமா, வந்துடுச்சு! அக்காவை முதல்ல உட்காரச் சொல்லுங்க!"

சுமதி உட்காருவதில்லை. டிவிக்கு நேர் முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, "எங்க, இப்ப 'நகருங்க'ன்னு சொல்லுங்க பாப்போம்," என்பாள்.

இதுவரை சொன்னதில்லை. எந்த வருடத்து ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்ததும் இல்லை.