மூணு வயசு மோட்டார்

காலையில் பல் துலக்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார். தானே தேர்ந்தெடுத்து ஒரு பொருளை வாங்குவது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, அதைப் பார்த்து மனைவி வாயாலேயே "நல்ல பொருள்தான்" என்று சொல்லவைப்பது. இதற்கு முன்னால் அவர் தனியாக வாங்கி வந்த மூன்று பொருள்களுக்கும் வாசற்படியிலேயே மானம் போயிருக்கிறது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. சுவர்க்கடிகாரம் அவருடைய ஆபீஸ் மாதிரி, பத்தரைக்கு மேல்தான் நகரும். மூன்றாவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மனுஷர் பிறப்பு இறப்புப் பதிவு ஆபீஸில் குமாஸ்தா. வயசு விஷயத்தில் அவரை ஏமாற்றக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அவர்தானே பதிந்திருப்பார்! முந்தின நாள்கூட, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு வயசைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பனைக் கையும் களவுமாகப் பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அனுப்பினார்.

அப்பேர்ப்பட்டவர் வாங்கப் போனது, படகின் பின்பக்கம் மாட்டுகிற பழைய மோட்டார் ஒன்று. வீட்டுக் கொல்லையில் அவருடைய சின்னப் படகு நாலு வருஷமாகக் குப்புறக் கிடந்தது. ஏரியில் ஒரே ஒரு நாள் துடுப்புப் போட்டதில் தோள் பிசகி, பத்து நாளைக்குத் தலை வாரக்கூட முடியவில்லை. படகுத்துறைப் பட்டறைக்காரனுக்கு ஆயில் என்றுதான் பேர். அவன் ஒரு மோட்டாரின் மேலிருந்த சாக்கை விலக்கிக் காட்டினான்.

"எந்த வருஷத்துது?"

"எனக்கென்ன சார் தெரியும்? தகடு இருக்கு, புஸ்தகம் இருக்கு. நீங்க படிச்சவரு, பாத்துச் சொல்லுங்க."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். படகோடு சேர்த்து இறுக்குகிற இரும்புக் கவ்வியில் பளபளவென்று ஒரு தகடு. அதில் ஒரு நம்பர், நம்பருக்கு முன்னால் இரண்டு எழுத்து. புஸ்தகத்தில் அந்த எழுத்துக்கு எதிரே வருஷமும் செய்த இடமும் இருந்தன. வயசு மூன்று! பிறந்த இடம் வெளிநாடு!

"ஆயிலு, என்ன வேணும் உனக்கு?"

"உங்க பைக்கைக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க சார். சரிக்குச் சரி."

பிரம்மச்சாரியாக இருந்த காலத்திலிருந்து கூட வந்த பைக். போன வருஷம் அது இரண்டு தடவை தன்னைக் கீழே தள்ளியதை நினைத்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு சாவியை நீட்டினார். சாவியை வாங்கும்போது ஆயில் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தள்ளுவண்டியில் ஏற்றித் தானே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னங்க இது?"

"மோட்டார். வெளிநாடு. வயசு மூணு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்."

"அதான் பயமா இருக்கு. பைக் எங்க?"

"அது... போயிடுச்சு."

"அய்யய்யோ," என்றாள். குரலில் அய்யய்யோவே இல்லை. அதை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அவள் படகு மெக்கானிக்கின் மகள். பொம்மைக்குப் பதில் ஸ்பானரை வைத்துக்கொண்டு வளர்ந்தவள். மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து கவ்வியைத் தடவினாள்.

"கவ்வியெல்லாம் துரு. தகடு மட்டும் மின்னுது. மூணு வயசுப் பிள்ளைக்கு நரைக்குமா?"

"தண்ணி பட்டிருக்கும்."

"தகடு மட்டும் குடை பிடிச்சுக்கிட்டு நின்னுச்சாக்கும்! மேல்மூடியக் கழட்டுங்க. இன்ஜின் பக்கவாட்டுல பாட்டில் மூடி அளவுக்கு வட்டமா ஒரு வில்லை அடிச்சிருக்கும். கம்பெனியிலயே அதுல நம்பர் குத்திடுவாங்க. துடைச்சுப் பாருங்க."

கழற்றினார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு நம்பர் எழுந்து வந்தது. தகட்டில் இருந்த நம்பர் இல்லை. கூடவே வாங்கி வந்த புஸ்தகத்தைப் புரட்டினால், கடைசிப் பக்கத்தில் அகப்பட்டது. வயசு முப்பத்தொன்று. பிறந்த இடம், எப்போதோ இழுத்து மூடிய உள்ளூர்த் தொழிற்சாலை.

கழற்றிய மூடியின் உட்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமனார் தன் சொந்தச் சாமான் எல்லாவற்றிலும் போடுகிற நட்சத்திரம் அது.

கல்யாணமான முதல் வருஷம். கிழவர் இதே மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். "மாப்பிள்ளை, நான் பாத்துப் பாத்து வெச்சிருந்தது. நீங்க வெச்சுக்கங்க." இவர் தகட்டை மட்டும் பார்த்தார். "உள்ளூர்ச் சரக்கா மாமா? வேண்டாம், எடத்தை அடைக்கும்." கிழவர் "சரிங்க" என்றார், மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு எதையும் கொண்டுவரவில்லை. செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஏற்றிவிடுவதற்காவது ஒரு கை பிடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

அழுகை வரும்போல இருந்தது. அதனால் கோபப்பட்டார்.

"பொய்த் தகடு! வயசைத் திருத்தியிருக்கான்! என்கிட்டயேவா? ஆயிலைச் சும்மா விடமாட்டேன். என் சட்டை எங்க?"

"சட்டையெல்லாம் வேண்டாம், உக்காருங்க. அந்தத் தகடு நான் அடிச்சது."

"நீயா?"

"அப்பா போற காலத்துல மோட்டாரை ஆயில்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போனாரு. அப்படியே கொண்டாந்து குடுத்தா நீங்க தொடுவீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "மாட்டேன்."

"அதான். உடைஞ்ச மோட்டார் ஒண்ணோட தகட்டைப் பேத்தெடுத்து நானே இதுல அடிச்சேன். நீங்க அதைப் படிச்சா நம்பிடுவீங்கன்னு தெரியும்."

"அப்ப என் பைக்?"

"நான்தான் ஆயிலைக் கேக்கச் சொன்னேன். ரெண்டு தடவை விழுந்தீங்க. மூணாவது தடவை நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணுமா? வித்துருங்கன்னு எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன்!" அவள் மூடியிலிருந்த நட்சத்திரத்தை முந்தானையால் துடைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்பா தூக்கிக்கிட்டு வந்து சும்மா குடுத்தாரு, வேண்டாம்னீங்க. இன்னிக்கு பைக்கையும் குடுத்து, நீங்களே தள்ளிக்கிட்டும் வந்துட்டீங்க."

அவள் எழுந்து நின்று மோட்டாரின் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தாள். முப்பத்தொரு வயசு உள்ளூர்ச் சரக்கு இருமாமல் கொள்ளாமல் ஓடத் தொடங்கியது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

அவர் துருப்பிடித்த கவ்வியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல பொருள்தான்," என்றார்.