மேலே பார்க்காதீங்க சார்

தாய்ப்பாலுக்கு ஷிஃப்ட் நேரம் தெரியாது. சூப்பர்வைசரைக் கண்டால் பயமும் கிடையாது. எனக்கு இரண்டும் இருந்ததுதான் வம்பாகப் போயிற்று.

பிரசவ விடுப்பு முடிந்து ஒரகடத்தில் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். கார்களுக்கு வயர்க் கட்டு செய்யும் கம்பெனி. மகள் யாழினிக்கு ஏழாவது மாதம். எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் முருகேசன், நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். (பாதி நேரம் தூங்கிக்கொண்டே பார்ப்பார், அது வேறு கதை.)

காலையில் பால் கொடுத்துவிட்டு கம்பெனி பஸ் ஏறுவேன். அவளுடைய உச்சந்தலை வாசனை யூனிஃபார்ம் காலரில் ஒட்டியிருக்கும். அதை முகர்ந்துகொண்டே போவேன். (பக்கத்து சீட்டுக்காரி எனக்கு ஏதோ கோளாறு என்று இடம் மாறிக்கொண்டாள்.)

மதியத்துக்குள் மார்பு கல்லாகக் கனத்துவிடும். கட்டி நின்ற பால் கெட்டுப்போயிருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, பாத்ரூமில் பீய்ச்சிக் கொட்டுவேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவேன். வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாயே திறக்கவில்லை.

அன்று எங்கள் வயர்களை வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்தார்கள். "இன்னிக்கு ஒருத்தரும் லைனை வுட்டு அசையக் கூடாது. பாத்ரூம்லாம் அப்பால பாத்துக்கலாம்," என்றார் சூப்பர்வைசர் கஜேந்திரன்.

வந்தவர்கள் என் மேசைக்கு எதிரே நின்றபோது அவர்களில் ஒருவருடைய போன் அடித்தது. ரிங்டோன் என்ன தெரியுமா? "ங்கா... ங்கா..." என்று ஒரு கைக்குழந்தையின் குரல்!

அவ்வளவுதான். என் மூளை அது யாழினி இல்லை என்றது. மார்பு கேட்கவில்லை. யூனிஃபார்ம் நனைந்து, குனிந்திருந்ததால் மேசையிலும் சொட்டியது. சட்டென்று ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

கஜேந்திரன் கண்ணில் மேசையின் ஈரம் மட்டும் பட்டது. "ஏசி ஒழுகுது! லைனை நிறுத்து!"

லைன் நின்றது. ஏணியோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். விருந்தாளிகள் உட்பட எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். (வேறு எங்கே பார்ப்பது?)

"பைப்பு காஞ்சு கீதே சார்," என்றார் ஏணிமேல் நின்றவர்.

பக்கத்து மேசை ஸ்டெல்லா அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "சார், மேலே பாக்காதீங்க சார். பச்சப் புள்ளைய வூட்ல வுட்டுட்டு வந்துக்கீது இந்தப் பொண்ணு. பால் கட்டிக்கினு கீது. ஏணிய எடுத்துக்கினு போவச் சொல்லுங்க!"

ஏணிக்காரருக்கு இறங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போன்காரர் போனின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

கஜேந்திரன் தரையைப் பார்த்தபடி, "இன்னாமா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நானும் ரெண்டு புள்ளைக்கு அப்பன்தான். போ, ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போ," என்றார்.

அங்கிருந்த நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னா? மார்ல இருக்கிற பால் கெடாதும்மா. எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காம வுட்டா கட்டிக்கிட்டு காய்ச்சல் வரும், பாலும் வத்திப்போயிடும்." கையைக் கழுவி, கொதிநீரில் போட்டு ஆறவைத்த பாத்திரத்தில் பீய்ச்சி, ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அடுப்பில் சுட வைக்கக் கூடாதாம். வெந்நீரில் பாத்திரத்தை வைத்து இளஞ்சூடானதும் பாலாடையில் புகட்ட வேண்டுமாம்.

சாயங்காலம் நர்ஸ் கொடுத்த ஐஸ் பைக்குள் அந்தப் பாத்திரத்தை வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் முருகேசன் நெஞ்சில் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே உதட்டைச் சப்பினாள்.

"எழுப்பிராத புள்ள, இப்பத்தான் கண்ணசந்தா."

முகம் கைகால் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாளெல்லாம் காத்திருந்ததைவிட, அவள் விழிக்கக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் நீளமாக இருந்தது. அவள் கண் திறப்பதற்கு முன்பே வாய் என்னைத் தேடியது.

அதன்பிறகு ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு ஒரு திரையும் நாற்காலியும் வந்தன. யாழினியும் இரண்டு வயது தாண்டும்வரை குடித்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் குழாய் சொட்டினாலும் குடை சொட்டினாலும் முருகேசன் கூரையைப் பார்த்து, "ஏணி கொண்டாரவா?" என்பார். யாழினி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஆனால் பஸ் நிறுத்தத்தில் ஏதாவது கைக்குழந்தை அழுதால் என் கை தானாக மார்புக்குப் போகிறது. யூனிஃபார்ம் காய்ந்தே இருக்கிறது.