ரெண்டு நாற்காலி அண்ணன்

மலாக்கா மாநிலத்தில் கூட்டம் நடத்திய எவரும் ரெண்டு நாற்காலி அண்ணனிடம் மாட்டாமல் வீடு திரும்பியதில்லை. செலண்டாரில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் செயலாளர், அவர் சாதாரண உறுப்பினர். ஆனால் தலைவருக்கே ஒரு நாற்காலிதான், அவருக்கு இரண்டு.

எங்கள் ஊரில் தீர்மானம் என்றால் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கையைத் தூக்கிவிட்டுக் கறிபாப் பலகாரத் தட்டை நோக்கி நடப்பார்கள். அண்ணனுக்கு இது பொறுக்காது. "எதிர்த்துப் பேச ஆள் இல்லாம என்னா லா தீர்மானம்?" என்பார். ஆள் இல்லையென்றால் அவரே எதிர்ப்பார், தாமே கொண்டுவந்த தீர்மானமாக இருந்தாலும் சரி. இடப்பக்க நாற்காலியில் ஆதரித்துப் பேசுவார். பிறகு தோள் துண்டை ஓர் உதறு உதறிவிட்டு, வலப்பக்க நாற்காலிக்குப் போய்த் தம்மையே கிழிகிழியென்று கிழிப்பார்.

பள்ளிக் கழிப்பறைக்குப் பச்சைச் சாயம் அடிக்க வேண்டும் என்றார் ஒருமுறை. "பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி." துண்டு உதறியாயிற்று. "குளிர்ச்சியா இருந்தா பிள்ளைங்க வெளிய வருமா? இந்த யோசனைய சொன்ன ஆளுக்கு மூளை இருக்கா?" யோசனை தோற்றது. தோற்றவரும் ஜெயித்தவரும் அவரே என்பதால் இரண்டு கறிபாப் எடுத்துக்கொண்டார்.

கிளேபாங்கில் ஒரு நிச்சயதார்த்தத்தில், பெண் வீட்டார் பாயிலிருந்து சம்பந்தத்தைப் புகழ்ந்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் பாய்க்கு மாறி உட்கார்ந்து அதே சம்பந்தத்தை மறுத்தார். நல்ல வேளை, பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

அப்படிப்பட்டவரின் வாயை அடைத்த கூட்டமும் ஒன்று நடந்தது.

எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஒரே வகுப்புதான். வேகமாகப் படிக்கும் பிள்ளைகளைக் கணித நேரத்தில் மட்டும் நூலகத்துக்கு அழைத்துப்போய்க் கடினமான பாடம் நடத்தலாம் என்று தலைமையாசிரியை ஒரு திட்டம் கொண்டுவந்தார். மண்டபம் இரண்டாகிவிட்டது. "கெட்டிக்காரப் பிள்ளைங்க கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கு," என்றது ஒரு பக்கம். "அப்ப எங்க பிள்ளைங்கல்லாம் மக்கா?" என்றது மறுபக்கம். எதிர்க்க ஆளில்லை என்ற குறை அன்று இல்லவே இல்லை. ஆனாலும் அண்ணன் எழுந்தார்.

இடப்பக்க நாற்காலி. "எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க, நாலாம் ஆண்டு. டீச்சர் கணக்க எழுதி முடிக்கறதுக்குள்ள ரேணுகா போட்டுடுவா. அப்பறம் ஜன்னலையே பாத்துக்கிட்டு இருப்பா. பசிக்கிற பிள்ளைய சோறு போடாம உக்கார வைக்கிறது பாவம் லா." பலத்த கைதட்டல்.

துண்டை உதறினார். வலப்பக்க நாற்காலி. "மேனகாவும் என் பிள்ளைதான். மெதுவாத்தான் போடுவா. கூடப் பொறந்தவ தெனம் எழுந்து போறதப் பாத்தா, நாம மக்குன்னு அவளே முடிவு பண்ணிக்குவா. அதுக்கப்பறம் யாரு சொல்லி அத மாத்துறது?"

இம்முறை யாரும் கைதட்டவில்லை. அண்ணன் மறுபடி இடப்பக்கம் போனார், உட்காராமல் வலப்பக்கம் வந்தார், கடைசியில் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டார்.

வாக்கெடுப்பு சரிபாதியாக வந்தது. "அண்ணே, நீங்க மட்டும்தான் கை தூக்கல," என்றார் தலைவர். "எந்தப் பக்கம்?" அண்ணனின் கை எழவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, கறிபாப்புக்காக வாசலில் காத்திருந்த மேனகா உள்ளே குரல் கொடுத்தாள். "அப்பா, அவள அனுப்புங்க லா!"

"ஏம்மா?"

"அவ முடிச்சிட்டு என் புத்தகத்த எட்டிப் பாத்து விடைய சொல்லிடுறா. என்னால யோசிக்கவே முடியல. அவ போனாத்தான் நானே போடுவேன்."

"நீ லேட் பண்ற, அதான் சொல்றேன்," என்றாள் பக்கத்தில் நின்ற ரேணுகா.

"பாத்தீங்களா?" என்றாள் மேனகா.

மண்டபமே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினார். பிறகு இன்னொரு கையையும் தூக்கினார்.

"ஒருத்தருக்கு ஒரு ஓட்டுதான், அண்ணே."

"இது மேனகாவோடது," என்றார். "ஆனா ஒரு திருத்தம் எழுதிக்குங்க. நூலகக் கதவு தொறந்தே இருக்கணும். என்னைக்கு இவ தயாரோ அன்னைக்கு இவளும் போவா. எவளும் உள்ளயே இருக்கணும்னும் இல்ல, வெளியவே நிக்கணும்னும் இல்ல."

திட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு மேனகாவும் நூலகத்துக்குப் போனாள், பின்னக் கணக்குக்கு மட்டும். அதில் ரேணுகாவை முந்தினாள் என்று அண்ணன் இரு பக்க நாற்காலியிலிருந்தும் ஆதரித்தே பேசியது இன்னொரு கதை.

பிள்ளைகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறார்கள். அந்தப் பள்ளிச் சங்கத்தார் அண்ணனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கூட்டங்கள் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகின்றன. எல்லாம் ஏகமனதான தீர்மானங்கள்.

முன்வரிசையில் சும்மா கிடக்கும் அந்த இரண்டு நாற்காலிகளையும் எடுத்துவிடலாம் என்று போன கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டார்.

நான் எழுந்து போய் வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன்.