கண் பயிற்சியும் காட்ஸ் ஆட்டமும்

இந்த முறை நெடுந்தீவுக்குப் போவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். அந்த முடிவை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதிலேயே ஒரு கிழமை போய்விட்டது. எங்கள் ஊர் சரவணையில் என்னை யாரும் வீரன் என்று சொல்வதில்லை. சொன்னால் ஜெயந்தா சிரிப்பாள்.

நெடுந்தீவில் இருப்பவன் ஜெயந்தாவின் தம்பி சசிகரன். தங்கமான பிள்ளை. ஆனால் விருந்துக்கு வந்தவனைச் சும்மா இருக்க விடமாட்டான். அவனுடைய மாடுகள் வருடம் முழுவதும் இடித்து விழுத்துகிற கல்வேலியை, நான் வரும் வரைக்கும் அப்படியே வைத்திருப்பான். கல் அடுக்க என் கை ராசியான கையாம். போன முறை அடுக்கிவிட்டு வந்து, சீப்பால் தலை இழுக்கக்கூடக் கையைத் தூக்க ஏலாமல் கிடந்தேன்.

இந்த நேரத்தில்தான் கடவுள் பார்த்து எனக்குக் கண் வறட்சியைத் தந்தார். கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல ஒரே உறுத்தல், எரிவு. யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, எனக்குக் கண்ணீர் போதாது என்றார். கலியாணம் கட்டிய மனிசனுக்குக் கண்ணீர் போதாதென்றால் யார் நம்புவார்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்ப்பீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் ஜெயந்தா பதில் சொல்லிவிட்டாள். நான் நித்திரை கொள்ளும் நேரத்தைச் சொல்லி, மிச்சத்தைக் கணக்குப் பார்க்கச் சொன்னாள்.

அன்றிலிருந்து வீட்டில் என் கண் அவளுடைய கண்ணாகிவிட்டது. நேரம் தவறாமல் சொட்டு மருந்து. புட்டு அவியும் ஆவியில் சூடாக்கிய துணியால் இமைக்கு ஒத்தடம். பிறகு இமை விளிம்பைத் துடைப்பது. மின்விசிறிக்கு நேரே கிடந்த என் கதிரை மூலைக்குப் போனது, போன் அலுமாரிக்குள் போனது. போதாததற்குக் கண்ணை மூடித் திறக்கும் பயிற்சியும் இருந்தது. போன் பார்க்கிறவர்கள் சிமிட்ட மறந்துபோகிறார்களாம்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். நெடுந்தீவு என்ற பேச்சு வந்ததும் மெல்ல ஆயுதத்தை எடுத்தேன்.

"கடல் காத்து என்ரை கண்ணுக்குக் கூடாது. இந்த முறை நீர் போயிட்டு வாருமன்."

"படகிலை உள்ளுக்கு இருந்தால் காத்துப் பிடியாது."

"அங்கை மாட்டுப் பட்டியிலை தூசி."

"வேலி கட்டுறது பட்டிக்கு வெளியிலைதானே."

நேர்வழி சரிவராது என்று விளங்கியது. அதனால் காட்ஸில் தீர்ப்போம் என்றேன். முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம். எதிரெதிரே இருக்கும் இரண்டு பேர் ஒரு கட்சி. கையில் இருக்கும் சீட்டைப் பற்றி மூச்சும் விடக்கூடாது. நானும் பக்கத்து வளவு சுதாகரனும் ஒரு பக்கம், ஜெயந்தாவும் சுதாகரனின் மனைவி கோசலாவும் மற்றப் பக்கம். நான் வென்றால் வீட்டில் நிற்பேன். தோற்றால் முணுமுணுக்காமல் போவேன். அவள் மறுபேச்சில்லாமல் ஓம் என்றாள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. காரணம், என் தலைக்குள் அதைவிடப் பெரிய விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. கண் சிமிட்டுவது எனக்கு வைத்தியம். அதை யார் கள்ளம் என்று சொல்ல முடியும்? சுதாகரனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ப் பாடம் எடுத்தேன். என்னிடம் சிவப்புச் சீட்டு பலமென்றால் இடக்கண். கறுப்பென்றால் வலக்கண். அவன் அதைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினான். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் அவன் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பான்.

முதல் இரண்டு ஆட்டமும் எங்களுக்கே. கோசலா என்னை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணை ஏன் சும்மா சும்மா கண்ணை அடிக்கிறார்?"

நான் அவசரமாகச் சீட்டுக்குள் முகத்தைப் புதைத்தேன். ஜெயந்தா சீட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"அது டொக்டர் சொன்ன பயிற்சி. பாவம், கண் வருத்தக்காரன். நீங்கள் பயிற்சியைச் செய்யுங்கோ."

இவளையா ஏமாற்றுகிறோம் என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கல்வேலி ஞாபகம் வந்தது. தொடர்ந்து செய்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வண்டி குடைசாய்ந்தது. நான் சிவப்பை நம்பியிருக்க, அவள் கறுப்பில் ஒரு இனத்தை, மற்றதையெல்லாம் வெட்டும் துரும்பாக்கினாள். கறுப்பு என்னிடம் குவிந்த நேரம் அந்தப் பக்கமே அவள் போகவில்லை. நான் பிடிக்கலாம் என்று பொத்திவைத்த சீட்டையெல்லாம் வெட்டித் தள்ளினாள். சுதாகரன் நான் வேண்டுமென்றே பொய்க்கண் காட்டுவதாக நினைத்து, என்னை முறைக்கத் தொடங்கினான். பொழுதுபடப் பெண்கள் வென்றார்கள். சுதாகரன் என்னோடு கதைக்காமலே வீட்டுக்குப் போனான்.

தோற்றாலும் ஒரு விஷயம் அறிய வேண்டியிருந்தது. நான் கையில் என்ன வைத்திருக்கிறேன் என்று எப்படித் தெரிந்ததென்று கேட்டேன். ஜெயந்தா என் இமைக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டே ஆறுதலாகச் சொன்னாள்.

"டொக்டர் ரெண்டு கண்ணையும் சேர்த்து மூடித் திறக்கச் சொன்னவர். ஒற்றைக் கண்ணிலை நோயில்லை, காட்ஸ்தான் இருக்கும் எண்டு நினைச்சனான். எந்தக் கண்ணுக்கு எந்த நிறமெண்டு முதல் ரெண்டு ஆட்டத்திலையும் பாத்துப் பிடிச்சிட்டன். நல்லாத்தான் சொல்லித் தந்தனீங்கள்."

சூட்டுத் துணி முகத்தில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

சொன்னபடி குறிகட்டுவான் துறையில் படகேறினோம். உள்ளே வந்து இருங்கோ, காற்று என்றாள் ஜெயந்தா. தோற்றவனுக்கும் ஒரு மரியாதை வேண்டுமே. வீம்புக்கு மேலேயே இருந்தேன். சோளகக் காற்று கண்ணைப் பிய்த்தது. வறண்ட கண் உறுத்தல் தாங்காவிட்டால் தண்ணீரைக் கொட்டித் தள்ளுமாம். நெடுந்தீவுத் துறையில் இறங்கும்போது இரண்டு கன்னத்திலும் கண்ணீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது.

சசிகரன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"அத்தான், என்னைக் கண்டதுக்கு இப்பிடி அழுறதே?" அவனுடைய கண்ணும் கலங்கிவிட்டது.

இது பாசமில்லையடா, கண் வருத்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெயந்தா முந்திவிட்டாள்.

"ஓம் தம்பி. வழக்கம்போல ஒரு கிழமை போதாதாம். இந்த முறை மாதக்கணக்கிலை நிண்டு, வேலி முழுக்கக் கட்டித் தந்திட்டுத்தான் போவாராம்."

நான் இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினேன். அதையும் அவன் பாசம் என்றே எடுத்துக்கொண்டான்.