இருபத்திரண்டாம் அசைவு

"தயங்காம அடி," என்றார் புரூஃப்காரர், கூடத்தின் நடுவில் முழங்காலை மடக்கி நின்றபடி.

எதிரே ஒட்டடைக் கோலோடு நின்ற மனைவி, "நிஜமாவே அடிக்கலாமா?" என்றாள். அந்தக் குரலில் எங்காவது வருத்தம் இருக்கிறதா என்று தேடினார். மருந்துக்கும் இல்லை.

அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர் அவர். ஒரு புள்ளிகூடக் காரணமில்லாமல் விழாது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையோடு அறுபது வயதில் கராத்தே சேர்ந்ததுதான் வினை. கட்டா என்ற வரிசை அசைவுகளை ஆடிக்காட்டினால் மட்டும் மஞ்சள் பெல்ட் கிடைக்காது. ஒவ்வொரு அசைவும் நிஜச் சண்டையில் எதற்கு உதவும் என்று விளக்க வேண்டும்.

இருபத்தொன்று விளங்கிவிட்டது. கையைக் கீழே வெட்டுவது, பிடிபட்ட மணிக்கட்டை விடுவிக்க. முஷ்டியை இடுப்புக்கு இழுப்பது அழகுக்கல்ல, எதிராளியைக் கூடவே இழுக்க. இருபத்திரண்டாவதுதான் உதைத்தது: திடீரென்று தலையைக் குனிந்து, இடப்பக்கம் ஒரு தாவல்.

ஏன் என்று கேட்டால் மாஸ்டர் கண்ணை மூடிக்கொள்வார். "எங்க பெரிய மாஸ்டர் இதே ஹால்ல, இதே இடத்துல இப்படித்தான் செஞ்சாரு. ஆழமா யோசிங்க."

அந்தத் தாவல் வரும்போதெல்லாம், ஹாலைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்ப்பாள். பக்தி என்று நினைத்துக்கொண்டார் புரூஃப்காரர்.

இதுவரை நடந்த இரண்டு தேர்விலும் "தெரியாது" என்று நேர்மையாகச் சொல்லி மண்ணைக் கவ்வியிருந்தார். கூடச் சேர்ந்த பல் டாக்டரோ வாய்க்கு வந்ததை அளந்துவிட்டுப் பச்சை பெல்ட் வரை போய்விட்டார். நாளை மூன்றாவது தேர்வு. இதுவும் போனால், பால்பல் விழாத பொடிசுகளின் வரிசையில் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இன்றைய கண்டுபிடிப்பு: அது தலைக்கு வரும் கம்படியைத் தவிர்க்கும் வித்தை.

ஒட்டடைக் கோல் இறங்கியது. புரூஃப்காரர் குனிந்தார், தாவினார். அடி விழவில்லை. செருப்பு அலமாரிதான் விழுந்தது, அவர் மேல். நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

அப்படியானால் இது பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடிப்பவனுக்கானது. மைத்துனரை ஃபோன் போட்டு வரவழைத்தார். மைத்துனர் எடை ஏறத்தாழ ஒரு பீரோ.

"அத்தான், ஆஸ்பத்திரிக்கு இப்பவே சொல்லி வெச்சிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே காலரைப் பற்றினார்.

குனிந்தார், தாவினார். சட்டை மைத்துனர் கையில் தங்கிவிட்டது. பனியனோடு புரூஃப்காரர் மட்டும் குளியலறைக் கதவைத் திறக்காமலே உள்ளே போய்ச் சேர்ந்தார்.

தாழ்ப்பாளை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பொறி தட்டியது. எதிரி ஒருவன் அல்ல, இரண்டு பேர்!

முன்னால் மனைவி, பின்னால் மைத்துனர். இருவரும் ஒரே நேரத்தில் பாய, அவர் குனிந்து தாவினார். ஒட்டடைக் கோல் மைத்துனர் மூக்கில் இறங்கியது. மைத்துனர் சரிந்து விழுந்ததில் சோபாவின் இரண்டு கால்கள் ஓய்வுபெற்றன.

"வேலை செய்யுது," என்று ஆனந்தக் கண்ணீர் விட்டார் புரூஃப்காரர். மைத்துனரும் கண்ணீர்தான் விட்டார், வேறு காரணத்துக்கு.

மறுநாள் நெற்றிப் பிளாஸ்திரியோடு விளக்கினார். மூக்குக் கட்டோடு மைத்துனர் சாட்சி சொன்னார். அதே இடத்தில் குனிந்து தாவிக் காட்டினார். பல் டாக்டர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

மாஸ்டர் கண் கலங்கிவிட்டது. "இருபது வருஷமா எனக்கே பிடிபடலை. பெரிய மாஸ்டர் மனசைப் படிச்சிட்டீங்க." மஞ்சள் பெல்ட்டைத் தானே எடுத்து அவர் இடுப்பில் சுற்றத் தொடங்கினார்.

முடிச்சு விழுவதற்குள், மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்தாள்.

"நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் சார். அப்போ கூரை ஒழுகிச்சு, நான் அந்த இடத்துல வாளி வெச்சிருந்தேன். தலையில சொட்டாம, வாளியில இடறாம பெரிய மாஸ்டர் தாண்டிப் போவாரு. அதான் தகரம் மாத்தி மூணு வருஷம் ஆச்சே, நீங்கல்லாம் இன்னும் எதுக்கு குதிக்கிறீங்க?"