மாமியார் கொட்டகையின் சூடு

மாமியார் வீட்டைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்த மருமகன் இந்த மாவட்டத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரியாது. இருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். வீட்டில் இதையே சொல்லிக் காட்டுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கரும்புக்கு மருந்தடிக்கும் டிரோன்காரன் நான். கல்வராயன் மலையடிவாரத்தில் சாராய அடுப்பு தேட வேண்டும், சூட்டைப் படம்பிடிக்கும் கேமராவோடு வா என்று போலீசார் கூப்பிட்டார்கள். (உடனே சட்டையை இஸ்திரி போட்டேன். பறக்கப்போவது நானா, டிரோனா?) அந்தப் பக்கம்தான் மாமியார் புதிதாகக் கொட்டகை கட்டிக் காளான் போட்டிருந்தார். "ஒரு நட வந்து பாருங்க மாப்ள" என்று மூன்று மாதமாகக் கூப்பிட்டார். "வேல ஜாஸ்தி அத்த" என்று நானும் மூன்று மாதமாகச் சொன்னேன்.

விடியற்காலைப் பனியில் டிரோனை விட்டேன். திரையில் மலை முழுக்க நீலம். நடுவில் ஒரு நீளக் கூரை மட்டும் தணலாகச் சிவந்திருந்தது.

"சார், மூடி வச்சிக்கினு உள்ள காய்ச்சுறான் சார்!" என்று குதித்தேன்.

எட்டுப் பேர் ஓடினோம். கதவைத் திறந்தவர் என் மாமியார்.

"இன்னா மாப்ள, இத்தினி பேரோட வர்றீங்க?"

"உள்ள இன்னாம்மா இவ்ளோ சூடு?" என்றார் அதிகாரி.

"காளான் சார். அவிச்ச வைக்கோல்ல வெத போட்டா தானா சூடு வுடும். அப்பிடியே நொழையாதீங்க, பிளீச்சிங் தண்ணியில கால நனைச்சிட்டு வாங்க. பூசணம் புடிச்சா எல்லாம் போச்சி. அடுத்த வாரம் மொதப் பறிப்பு. எங்க குழு பொம்பளைங்க பத்து பேரு இத நம்பிக்கினு இருக்கோம்."

அதிகாரி பூட்சைக் கழற்றி, பேண்டை மடித்து, வாசலில் இருந்த பிளீச்சிங் பேசினில் காலை வைத்தார். மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள். நான்? வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே! சேற்றுச் செருப்போடு முன்னால் ஓடி, வைக்கோல் அடைத்த காளான் பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "பாருங்க சார், காளான்தான்" என்று காட்டினேன். மாப்பிள்ளையைக் காலைக் கழுவு என்று சொல்ல அத்தைக்கு மனம் வரவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலாம் நாள் மனைவி சொன்னாள்: "போலீசுகாரங்க நின்ன பக்கம் நல்லா கீதுங்க. நீங்க தொட்டதெல்லாம் பச்சப் பூசணம்." பாதிக்கு மேல் தூக்கிக் கொட்டினார்களாம். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

இப்போதெல்லாம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட, "மாமாவக் கூப்புடு, போலீசோட வந்து பாப்பாரு" என்கிறான் மச்சான். வீடே சிரிக்கும். அத்தை சிரிப்பதில்லை. மறுபடி காளான் போட்டபோது கொட்டகைக்கு வெளியே, வேப்பமரத்தடியில், எனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார்.

"நீங்க இங்கியே உக்காருங்க மாப்ள. நான் எடுத்தாந்து காட்டறேன்."